வெளி ஸ்காலர்ஷிப் வாங்கினால் பல்கலைக்கழகம் என்ன தரும்? கனடாவில் மாஸ்டர்ஸ், பிஎச்டி படிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"40,000 டாலர் ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்கிறது, அப்படியென்றால் இதுவரை வந்துகொண்டிருந்த பணத்தோடு இன்னும் 40,000 சேருமா?" கனடாவில் பிஎச்டி செய்யும் நம் பிள்ளைகள் ஏப்ரல், மே மாதங்களில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். சேராது. வெளியிலிருந்து பணம் உள்ளே வரும்போது பல்கலைக்கழகம் தன் பணத்தில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அதற்கு ஈடாகவும், மாணவர்கள் வெளிப் பணத்துக்கு விண்ணப்பிக்கும் ஆசை குறையாமல் இருக்கவும், ஒரு ஊக்கத்தொகையோ வேலைக் குறைப்போ கூடுதல் ஆண்டு ஃபண்டிங்கோ கொடுக்கும். அது எவ்வளவு, எந்த வடிவில், யார் முடிவு செய்கிறார்கள் என்பது துறைக்குத் துறை மாறும். கேட்டவருக்குக் கிடைத்து, கேட்காதவருக்குக் கிடைக்காமல் போனதை நிறையப் பார்த்துவிட்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம்மவர்கள் அதிகம் படிப்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்ததும் ஒன்டாரியோ என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். மற்ற மாகாணங்களிலும் அடிப்படை இதேதான். அமெரிக்காவில் இருப்பவர்களுக்குக் கடைசிக்கு முன்னால் கொஞ்சம் இருக்கிறது.

படி 1: இப்போது வரும் பணத்தைப் பிரித்து எழுதுங்கள்

ஆஃபர் லெட்டரை எடுங்கள். சேர்ந்தபோது வந்த அந்த பிடிஎஃப், நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோனது. அதில் "ஆண்டுக்கு இவ்வளவு, நான்கு ஆண்டுகளுக்கு" என்று ஒரே எண்ணாக இருக்கும் ஃபண்டிங் தொகுப்பு உண்மையில் மூன்று நான்கு துண்டுகள். ஒன்று டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட், அதாவது கற்பித்தல் உதவியாளர்) வேலைக்கான சம்பளம், நீங்கள் உழைத்துச் சம்பாதிப்பது. இன்னொன்று பல்கலைக்கழகம் சும்மா தரும் ஃபெலோஷிப். அறிவியல், பொறியியல் துறைகளில் சூப்பர்வைசர் தன் ஆராய்ச்சி நிதியிலிருந்து தரும் தொகை ஒன்று இருக்கும். இவை எல்லாவற்றிலிருந்தும் பீஸ் கழியுமா, அல்லது பீஸ் தனியாகக் கட்டப்பட்டு மீதி முழுவதும் கைக்கு வருமா என்பதையும் பாருங்கள், ஏனென்றால் "பீஸ் உட்பட" என்ற ஒரு சொல்லில் ஆண்டுக்கு எட்டாயிரம் ஒன்பதாயிரம் டாலர் ஒளிந்திருக்கும்.

அதே லெட்டரின் இரண்டாம் பக்கத்தில், பெரும்பாலும் கடைசிப் பத்திகளில், ஒரு வாக்கியம் இருக்கும்: வெளி விருது பெற்றால் இந்தத் தொகுப்பின் உள்ளமைப்பு மாற்றப்படலாம் என்ற பொருளில். "மாற்றப்படலாம்" என்றிருக்கிறதா, "அந்தத் தொகை தொகுப்பிலிருந்து கழிக்கப்படும்" என்றிருக்கிறதா? முதலாவது என்றால் பேச இடம் உண்டு. இரண்டாவது என்றாலும் உண்டு, ஆனால் பேச்சு வேறு மாதிரி போக வேண்டும். பல துறைகளில் இன்னொரு வரியும் இருக்கும்: தகுதி உள்ள மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வெளி விருதுகளுக்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தொகுப்பில் பாதிப்பு வரும் என்று. அதையும் கோடிட்டு வையுங்கள்.

படி 2: கையில் வந்திருக்கும் விருதின் விதிகளைப் படியுங்கள்

கனடாவில் முக்கியமானவை இரண்டு. முதலாவது, மத்திய அரசின் மூன்று ஆராய்ச்சி நிறுவனங்கள் (என்செர்க், எஸ்எஸ்எச்ஆர்சி, சிஐஎச்ஆர்) தரும் ட்ரை-ஏஜென்சி விருதுகள். மாஸ்டர்ஸ் விருது நீண்ட காலம் 17,500 டாலரிலேயே நின்றுபோயிருந்தது. 2024 பட்ஜெட்டுக்குப் பிறகு அது 27,000 ஆனது, முனைவர் விருது ஆண்டுக்கு 40,000 ஆனது. முன்பு தனித்தனிப் பெயரில் இருந்தவை 2025-இல் கனடா கிராஜுவேட் ரிசர்ச் ஸ்காலர்ஷிப் என்று ஒரே குடைக்குள் வந்துவிட்டன. முனைவர் விருது 36 மாதங்களுக்கு, மாஸ்டர்ஸ் விருது 12 மாதங்களுக்கு.

தகுதி பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், காரணம் நம் சமூகத்தில் இது பலருக்குத் தெரிவதில்லை. குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று நினைத்து, அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு 'பாதுகாக்கப்பட்ட நபர்' நிலையில் இருக்கும் பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களும் விண்ணப்பிக்கலாம். முனைவர் விருதுக்கு, கனடாவில் படித்துக்கொண்டிருக்கும் வெளிநாட்டு மாணவர்களும் புதிய திட்டத்தில் ஒரு வரம்புக்குள் போட்டியிடலாம். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஸ்டடி பர்மிட்டில் வந்தவர்கள் "நமக்கு எதுவும் கிடையாது" என்று இருந்துவிட வேண்டாம்.

இரண்டாவது ஓஜிஎஸ், ஒன்டாரியோ கிராஜுவேட் ஸ்காலர்ஷிப். ஒரு டெர்முக்கு 5,000 டாலர், மூன்று டெர்முக்கு 15,000. மாஸ்டர்ஸில் இரண்டு ஆண்டு, பிஎச்டியில் நான்கு ஆண்டு வரை வெவ்வேறு போட்டிகளில் வாங்கலாம், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இதை நன்றாகக் கவனியுங்கள்: இந்த 15,000-இல் மாகாண அரசு தருவது மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 10,000. மீதி 5,000 உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணம். இந்தப் பிரிவு பின்னால் கணக்குப் போடும்போது தேவைப்படும்.

ஓஜிஎஸ்ஸையும் ட்ரை-ஏஜென்சி விருதையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டும் வந்தால் பெரியதை ஏற்று, ஓஜிஎஸ்ஸை உடனே மறுத்துவிடுங்கள். நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் இன்னொரு மாணவர் வாடகைக்கு வழி தெரியாமல் காத்திருக்கிறார்.

படி 3: மிச்சம் யாருக்கு என்று கண்டுபிடியுங்கள்

உங்களுக்கு வெளியிலிருந்து 40,000 வந்தால் பல்கலைக்கழகத்துக்குள் யாரோ ஒருவருக்குச் செலவு குறைகிறது. அந்த ஒருவர் யார் என்று தெரிந்தால்தான் யாரிடம் கேட்பது என்று தெரியும், இதைத் தெரிந்துகொள்ளாமல் கிராஜுவேட் ஆபீஸுக்கு மெயில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதால் பயனில்லை.

லேப் உள்ள துறைகளில் மிச்சம் பெரும்பாலும் சூப்பர்வைசருக்கு. அவருடைய என்செர்க் டிஸ்கவரி கிராண்டிலிருந்து உங்களுக்கு ஆண்டுக்குப் பதினைந்து இருபதாயிரம் போய்க்கொண்டிருந்திருக்கும், இனி அது தேவையில்லை. அந்தப் பணத்தில் அவர் இன்னொரு மாஸ்டர்ஸ் மாணவரை எடுக்கலாம், ஒரு கருவி வாங்கலாம். அதனால் இங்கே பேச்சுவார்த்தை நேரடியாக அவரோடுதான். நல்ல சூப்பர்வைசர்கள் தாங்களாகவே "நான் உனக்கு மாதம் இவ்வளவு தொடர்ந்து தருகிறேன்" என்று சொல்லிவிடுவார்கள். சொல்லாதவர்கள் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை, பலருக்கு அதை யோசிக்க நேரமிருப்பதில்லை. "சார், விருது வந்தபிறகு உங்கள் கிராண்டிலிருந்து எனக்கு வரும் பகுதி எப்படி மாறும்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கூடுதல் சம்பளம் தர முடியாவிட்டால் இரண்டு மாநாடுகளுக்குப் பயணச் செலவு, கோடைக்கு ஒரு இளங்கலை உதவியாளர், ஒரு நல்ல கணினி என்று வேறு வடிவில் தர அவருக்கு வழியிருக்கும்.

மானுடவியல், வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் சூப்பர்வைசருக்கு இதில் ஒரு பைசா தொடர்பும் இல்லை. அங்கே ஃபெலோஷிப் பணம் ஃபேகல்டியிடமிருந்து (பல துறைகளை உள்ளடக்கிய புலம்) துறைக்கு வந்து, துறை மாணவர்களுக்குப் பிரித்துத் தருகிறது. மிச்சமும் அந்தப் பொதுப் பானைக்குத்தான் போகும். துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டரும் கிராஜுவேட் நிர்வாக அலுவலரும்தான் நீங்கள் பேச வேண்டியவர்கள். அனுபவமுள்ள நிர்வாக அலுவலருக்குப் பேராசிரியர்களைவிட நன்றாக இந்தக் கணக்கு தெரியும், அவரிடம் மரியாதையாகப் பழகுங்கள்.

பல்கலைக்கழகத்தின் தரப்பையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். விருது வாங்கியவரிடமிருந்து மிச்சமாகும் பணம், விருதுக்கு விண்ணப்பிக்கவே தகுதி இல்லாத மாணவர்களுக்கு, குறிப்பாக வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, போகிறது என்பது அவர்கள் வாதம். உண்மையாகவே அப்படிப் போகும் இடங்களில் அது நல்ல வாதம், நான் அதை ஏற்கிறேன். ஆனால் அப்படித்தான் போகிறது என்பதைக் கொள்கையாக எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதி வைக்காமல் வாயால் மட்டும் சொல்லும் துறைகளிடம் நீங்கள் கேள்வி கேட்பது சக மாணவர்களுக்கும் நல்லது.

படி 4: ஊக்கத்தின் வடிவங்களை எடைபோடுங்கள்

இதுதான் முக்கியமான பகுதி, நிதானமாகப் படியுங்கள்.

பெரிதும் பேசப்படுவது டாப்-அப். விருது இருக்கும்வரை ஆண்டுதோறும் ஒரு தொகை, அல்லது ஒரே ஒரு முறை. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பிரசிடென்ட்ஸ் கிராஜுவேட் ஸ்காலர்ஷிப் என்றும், குவீன்ஸில் ட்ரை-ஏஜென்சி ரெசிபியன்ட் ரெகக்னிஷன் அவார்டு என்றும் இதற்கென்றே பெயர் வைத்த திட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். வேறு இடங்களில் பெயரில்லாமல், துறையின் கையேட்டில் ஒரு வரியாக இருக்கும். மத்திய அரசு 2024-இல் விருதுத் தொகையை உயர்த்திய பிறகு பல இடங்களில் இந்த டாப்-அப் விதிகள் மறுபடி எழுதப்படுகின்றன, அதனால் சீனியர் ஒருவர் "எனக்கு இவ்வளவு கொடுத்தார்கள்" என்று சொல்வதை வைத்து முடிவெடுக்காமல் உங்கள் ஆண்டுக்கான விதியைக் கேளுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம், எண்கள் நானே வைத்துக்கொண்டவை. உங்கள் தொகுப்பு பீஸ் உட்பட ஆண்டுக்கு 34,000. அதில் டிஏ சம்பளம் 9,000, ஃபெலோஷிப் 25,000. பீஸ் 8,500 போக வரிக்கு முன் கைக்கு 25,500. இப்போது 40,000 விருது வருகிறது. துறை ஃபெலோஷிப் 25,000 முழுவதையும் எடுத்துவிடுகிறது, டிஏ உங்கள் விருப்பம் என்கிறது. டிஏ செய்யாவிட்டால் 40,000-இல் பீஸ் போக 31,500. அதாவது கூடுதல் 6,000 டாலரும், டிஏ வேலையிலிருந்து விடுதலையும். டிஏவும் செய்தால் 40,500. இதற்கு மேல் துறை 5,000 டாப்-அப் தந்தால் இன்னும் நல்லது.

ஆனால் அடிப்படைத் தொகுப்பே உயரமாக இருக்கும் இடங்களில் நிலைமை வேறு. டொராண்டோ பல்கலைக்கழகம் 2025 இலையுதிர் பருவத்திலிருந்து பிஎச்டிக்கான குறைந்தபட்ச அடிப்படை ஃபண்டிங்கை ஆண்டுக்கு 40,000 ஆக்கியிருக்கிறது. விருதும் அதே 40,000. ஊக்கம் எதுவும் இல்லையென்றால் நாட்டிலேயே கடினமான போட்டியில் வென்ற மாணவருக்கும் விண்ணப்பமே போடாத மாணவருக்கும் கையில் வருவது ஏறத்தாழ ஒன்றாகிவிடும். இப்படிப்பட்ட இடங்களில் டாப்-அப் விதிதான் எல்லாம், அதை முதல் நாளே தேடிப் படியுங்கள்.

அடுத்தது ஓஜிஎஸ் கணக்கு. இங்கேதான் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். அதே 34,000 தொகுப்பில் உங்களுக்கு 15,000 ஓஜிஎஸ் கிடைக்கிறது என்று வையுங்கள். துறை ஃபெலோஷிப்பில் 15,000 குறைத்துவிட்டு, "வாழ்த்துகள்" என்று 2,000 டாப்-அப் தருகிறது. உங்களுக்குக் கூடியது 2,000. பல்கலைக்கழகம் 15,000 மிச்சப்படுத்தி, ஓஜிஎஸ்ஸில் தன் பங்காக 5,000-மும் டாப்-அப்பாக 2,000-மும் போட்டிருக்கிறது. நிகர மிச்சம் 8,000. மாகாண அரசு உங்கள் பெயரில் அனுப்பிய 10,000-இல் ஐந்தில் ஒரு பங்குதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கோஆர்டினேட்டர் முன்னால் வைத்தால் சிலர் மௌனமாகிவிடுவார்கள், சிலர் டாப்-அப்பைக் கூட்டித் தர முயல்வார்கள். இரண்டுமே நடந்து பார்த்திருக்கிறேன்.

சரி, டாப்-அப்பை விட மேலான ஒன்று இருக்கிறது, அதைக் கேட்பவர்கள் குறைவு. காலம். விருது இருக்கும் ஆண்டுகளில் பல்கலைக்கழகம் தன் ஃபெலோஷிப் பணத்தை எடுத்துக்கொள்கிறதல்லவா, அந்த ஆண்டுகளில் ஒன்றையாவது கடைசிக்குத் தள்ளி வைத்துத் தாருங்கள் என்று கேட்பது. தொகுப்பு நான்கு ஆண்டுக்குத்தான் உறுதி, ஆனால் பிஎச்டி நான்கு ஆண்டில் முடிவது அபூர்வம். ஐந்தாம் ஆறாம் ஆண்டில் பணம் நின்றுபோய், கிடைத்த இடத்திலெல்லாம் வகுப்பெடுத்து, அதனாலேயே தீசிஸ் இன்னும் தள்ளிப்போகும் நிலைக்கு வருபவர்கள் எத்தனை பேர்! மூன்று ஆண்டு டாப்-அப் 5,000 வீதம் 15,000. தள்ளி வைத்த ஒரு ஆண்டுத் தொகுப்பு 34,000. கைக்கு இன்று வரும் பணம் இனிமையானதுதான், ஆனால் என்னைக் கேட்டால் இரண்டில் ஒன்றுதான் என்றால் யோசிக்காமல் அந்த ஆண்டைக் கேளுங்கள்.

சில துறைகள் இதை முழு ஆண்டாகத் தராமல், ஐந்தாம் ஆண்டில் ஒரு டெர்ம் தீசிஸ் முடிக்கும் ஃபெலோஷிப்பாகத் தரும். அதுவும் நல்லதுதான். எந்த வடிவமாக இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் இன்று உறுதி கொடுக்கும் கோஆர்டினேட்டர் மூன்று ஆண்டு கழித்து அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

டிஏ வேலையைக் குறைத்துத் தருவதும் ஒரு ஊக்கம்தான், ஆனால் அது எல்லோருக்கும் நல்லதல்ல. பேராசிரியர் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்குக் கற்பித்த அனுபவம் வேண்டும். அது மட்டுமல்ல, யூனியன் உறுப்பினர் நிலையும் அந்த ஒப்பந்தத்தின் மருத்துவச் சலுகைகளும் டிஏ வேலையோடு கட்டப்பட்டவை. டிஏவை முழுவதும் விட்டால் பல் வைத்தியம், கண்ணாடி, சில இடங்களில் வெளிநாட்டு மாணவர்களின் யூஹிப் காப்பீட்டுக் கட்டணத்தில் திரும்பக் கிடைக்கும் பகுதி எல்லாம் போய்விடலாம். ஆண்டுக்கு ஒரு சிறிய டிஏ ஒப்பந்தமாவது கையில் வைத்திருந்தால் அவற்றைக் காப்பாற்ற முடியுமா என்று உங்கள் யூனியனிடம் கேளுங்கள், டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கியூப் 3902, யார்க்கில் கியூப் 3903.

படி 5: எப்போது, எப்படிக் கேட்பது

விருதை ஏற்கும் பட்டனை அழுத்துவதற்கு முன்னால். இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. ஏற்றபிறகும் கேட்கலாம்தான், ஆனால் அப்போது ஃபேகல்டியின் அடுத்த ஆண்டு பட்ஜெட் ஏற்கனவே போடப்பட்டு, உங்கள் ஃபெலோஷிப் பணம் இன்னொருவர் பெயருக்குப் போயிருக்கும்.

இன்னும் பல்கலைக்கழகத்தையே தேர்வு செய்யாத நிலையில் இருப்பவர்களுக்கு இது பொன்னான நேரம். மாஸ்டர்ஸ் முடிக்கும் ஆண்டில் முனைவர் விருது கையில் வந்து, இரண்டு மூன்று இடங்களிலிருந்து அட்மிஷனும் இருந்தால், "நான் இந்த விருதோடு வருகிறேன், என் தொகுப்பு எப்படி இருக்கும்?" என்று எல்லா இடத்துக்கும் ஒரே கேள்வியை அனுப்புங்கள். சேர்வதற்கு முன் கொடுக்கும் வாக்குறுதியில் இருக்கும் தாராளம் சேர்ந்தபின் இருப்பதில்லை. பதில்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பீஸ் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதைச் சரிசெய்தபின் ஒப்பிடுங்கள்.

மெயிலில் நன்றி, மகிழ்ச்சி எல்லாம் ஒரு வரியில் முடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வாருங்கள். விருதின் பெயர், தொகை, தொடங்கும் மாதம். அப்புறம் கேள்விகள்: விருது இருக்கும் காலத்தில் என் தொகுப்பின் ஒவ்வொரு பகுதியும் டாலரில் எவ்வளவாக இருக்கும்? ட்ரை-ஏஜென்சி விருது பெற்றவர்களுக்குத் துறை, ஃபேகல்டி, பல்கலைக்கழகம் என்று தனித்தனியாக டாப்-அப் உண்டா, அதற்கு நான் விண்ணப்பிக்க வேண்டுமா, தானாக வருமா? விருது ஆண்டுகளில் பயன்படாத ஃபெலோஷிப் ஆண்டுகளைப் பின்னால் தள்ளி வைக்க முடியுமா? டிஏ வேலை கட்டாயமா, விருப்பமா, அதன் சம்பளம் விருதுக்கு மேலே வருமா, உள்ளே அடங்குமா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். டிஏ சம்பளம் தொகுப்புக்குள் அடங்குவதுதான் 2015-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் நடந்த டிஏ வேலைநிறுத்தத்தின் மையப் பிரச்சினை. மணிச் சம்பளம் 42 டாலரைத் தாண்டியிருந்தும், பீஸ் போக உறுதிசெய்யப்பட்ட தொகுப்பு 15,000-இலேயே நின்றிருந்தது.

நேரில் பேசினாலும் அன்று மாலையே "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். மறுப்பு வராவிட்டால் அதுவே ஆவணம்.

படி 6: தொடங்கும் தேதியும் இடைவெளியும்

ட்ரை-ஏஜென்சி விருதை மே, செப்டம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் ஒன்றில் தொடங்கலாம். இது ஏதோ நிர்வாக விஷயம் என்று நினைத்து முதலில் வரும் தேதியைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். உங்கள் தொகுப்பு எந்த மாதம் முடிகிறது என்று பாருங்கள். தொகுப்பு முடிந்தபிறகும் விருது எவ்வளவு மாதம் நீண்டு நிற்குமோ, அவ்வளவு மாதமும் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ள அங்கே எதுவும் இருக்காது. நான்கு ஆண்டுத் தொகுப்பில் இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் விருதைத் தொடங்கினால் இரண்டும் ஒன்றாக முடிந்துவிடும். மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் என்றால் ஐந்தாம் ஆண்டு முழுக்க விருது கைகொடுக்கும். எவ்வளவு தூரம் தள்ளலாம் என்பதற்கு விதி உண்டு, அதற்குள் நின்று திட்டமிடுங்கள்.

குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டம் இருப்பவர்கள் கவனிக்க: ட்ரை-ஏஜென்சி விருது வைத்திருப்பவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய பெற்றோர் விடுப்பு 12 மாதம் வரை உண்டு. பல்கலைக்கழக ஃபெலோஷிப்பில் மட்டும் இருப்பவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இதைவிடக் குறைவு. அப்பாவுக்கும் இது பொருந்தும், கேட்கும் அப்பாக்கள்தான் குறைவு.

படி 7: வரி

நல்ல செய்தி முதலில். கனடாவில் முழுநேர மாணவர்களின் ஸ்காலர்ஷிப் பணத்துக்கு வருமான வரி கிடையாது. விருதும் டாப்-அப்பும் டி4ஏ படிவத்தில் 105-ஆம் பெட்டியில் வரும். டிஏ சம்பளம் டி4-இல் வரும், அதற்கு வரி உண்டு. அதனால் 9,000 டிஏ சம்பளம் போய் அந்த இடத்தில் 9,000 விருதுப் பணம் வந்தால்கூட வரிக்குப் பின் நீங்கள் கொஞ்சம் முன்னால்தான் இருப்பீர்கள். வரி இல்லாத அந்தப் பணம் நிகர வருமானத்திலும் சேராது என்பதால் ஜிஎஸ்டி கிரெடிட், பிள்ளை இருப்பவர்களுக்குச் சைல்ட் பெனிஃபிட் ஆகியவை குறையாது. அதற்காகவே ஒவ்வோர் ஆண்டும் ரிட்டர்ன் போடுங்கள், வரி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். டி2202 படிவத்தில் வரும் பீஸ் கிரெடிட்டையும் இப்போது பயன்படாவிட்டால் பின்னாளுக்கு எடுத்துச் செல்லலாம்.

மறுபக்கம்: ஸ்காலர்ஷிப் வேலை வருமானம் அல்ல. அதனால் ஆர்ஆர்எஸ்பி (ஓய்வூதியச் சேமிப்பு) இடம் சேராது, இஐ-க்கான (வேலையின்மைக் காப்பீடு) மணிநேரம் சேராது. வீடு வாடகைக்குத் தேடும்போது சம்பளச் சீட்டு எங்கே என்பார்கள். விருதுக் கடிதத்தோடு, பல்கலைக்கழகத்திடமிருந்து "இந்த மாணவருக்கு இந்த ஆண்டு மொத்தம் இவ்வளவு" என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள், ஸ்கார்பரோவில் பேஸ்மென்ட் எடுப்பதாக இருந்தாலும் அது உதவும்.

பணம் வரும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள். விருது பெரும்பாலும் டெர்முக்கு ஒரு முறை மொத்தமாக வரும், பீஸ் அதில் முதலிலேயே கழியலாம். செப்டம்பரில் வங்கியில் ஒரு பெரிய தொகையைப் பார்த்து, அது டிசம்பர் வரைக்குமானது என்பது மனதில் நிற்காமல் செலவழிந்துவிடும் ஆபத்து உண்டு. வந்த அன்றே நான்காகப் பிரித்துவிடுங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக

அங்கே பெரிய பெயர் என்எஸ்எஃப்-இன் (அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் நிறுவனம்) கிராஜுவேட் ரிசர்ச் ஃபெலோஷிப். மாணவருக்கு ஆண்டுக்கு 37,000 டாலர், பல்கலைக்கழகத்துக்கு 16,000 டாலர், ஐந்து ஆண்டு காலத்துக்குள் மூன்று ஆண்டுகளை நீங்கள் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தலாம். குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். பணக்காரப் பல்கலைக்கழகங்களின் சொந்த ஸ்டைபெண்டே இப்போது 37,000-ஐத் தாண்டிவிட்டதால், வித்தியாசத்தை நிரப்புவார்களா, அதற்கு மேலும் ஏதாவது தருவார்களா, மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் யார் கட்டுவது என்பவைதான் அங்கே கேட்க வேண்டியவை. எந்த மூன்று ஆண்டில் எடுப்பது என்பதையும் மேலே சொன்ன மாதிரியே யோசியுங்கள்.

வரி விஷயத்தில் கனடாவுக்கு நேர் எதிர். பீஸுக்கும் புத்தகத்துக்கும் போக மீதி ஃபெலோஷிப் பணத்துக்கு அங்கே வரி உண்டு, ஆனால் பெரும்பாலும் யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள், காலாண்டுக்கு ஒரு முறை நீங்களே கணித்துக் கட்ட வேண்டியிருக்கும். எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும் பொதுவாக 14 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். இந்தியாவிலிருந்து போனவர்கள் வரி ஒப்பந்தப்படி ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கலாம், மற்ற நாட்டு மாணவர்கள் பெரும்பாலோருக்கு இல்லாத சலுகை அது.

படி 8: "முடியாது" என்றால்

முதலில், எந்த விதிப்படி முடியாது என்று கேளுங்கள். விதியின் இணைப்பை அனுப்பச் சொல்லுங்கள். பல நேரங்களில் அப்படி ஒரு விதியே இருக்காது, பழக்கம்தான் இருக்கும். பழக்கம் என்றால் துறைத் தலைவர் மாற்ற முடியும், அவரிடம் போங்கள். விதி ஃபேகல்டியுடையது என்றால் அங்கே கிராஜுவேட் படிப்புகளுக்கான இணை டீன் ஒருவர் இருப்பார். டிஏ வேலை, சம்பளம் தொடர்பான பகுதிக்கு யூனியன். நடைமுறையே தவறு என்று தோன்றினால், புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் ஆம்பட்ஸ்பர்சன் அலுவலகம்.

தனியாகப் போகாதீர்கள். உங்கள் துறையில் அதே ஆண்டு விருது வாங்கிய மற்றவர்களைக் கண்டுபிடித்து, யாருக்கு எவ்வளவு குறைத்தார்கள், யாருக்கு எவ்வளவு கூடுதலாகத் தந்தார்கள் என்று எண்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரே துறையில் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகக் கணக்குப் போட்டிருப்பது தெரியவந்தால், அதுவே நீங்கள் எழுதும் மெயிலின் முதல் பத்தி. அந்தப் பட்டியலைத் துறையின் மாணவர் சங்கத்திடமும் கொடுத்து வையுங்கள், அடுத்த ஏப்ரலில் விருது வாங்கப்போகிறவருக்கு அது தேவைப்படும்.